நம் வீடும் ஒரு பேட்டி அறையா?

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து, பூசை உடைகளைக் களைந்துவிட்டு நாம் வெளியே வந்தபோது, கோவில் வாசலில் ஒரு தாய் நமக்காகக் காத்து நின்றார். சூலூரைச் சுற்றியுள்ள விசைத்தறிக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த குடும்பம் அவர்களுடையது. எட்டுத் தறிகளில் மூன்றை விற்று மகனைப் பொறியியல் படிக்க வைத்தவர்கள். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான் என்பது மட்டுமே அதுவரை நாம் அறிந்திருந்த செய்தி.

"சாமி, பையன் ஊருக்கு வந்து பத்து நாளாச்சுங்க. சோறு வெச்சாத் திங்கறான். ஏதாச்சும் கேட்டா 'ம்'ங்கறான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் மாடியில உக்காந்து போனுல படம் பாத்துட்டே இருக்கறானுங்க. நீங்கதான் கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டிச்சுச் சொல்லோணுங்க" என்றார் அந்தத் தாய்.

கண்டிப்பதாக நாமும் வாக்களித்தோம். அன்று மாலையே அந்த இளைஞர் வந்தார். திரைப்படம் என்றதும் நம் மனத்தில் என்னென்னவோ ஓடின. கண்டிக்க வேண்டிய சொற்களையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, "ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிற அளவுக்கு அப்படி என்ன படம் தம்பி?" என்று கேட்டோம்.

அவர் சற்றுத் தயங்கினார். "பழைய படம் ஃபாதர். 'நிழல்கள்'. மூணாவது தடவையாப் பாக்கறேன்."

வரிசைப்படுத்தி வைத்திருந்த சொற்கள் அப்படியே நின்றுவிட்டன. "அந்தப் படத்தின் கதையை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியுமா?" என்று கேட்டோம். தெரியாது என்றார். "சூலூர்க்காரர். நீ தினமும் பேருந்து ஏறுகிற ஊர்" என்றோம். பத்து நாள்களாக யாரிடமும் நிமிர்ந்து பேசாத அந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். பேச்சு அங்கேதான் தொடங்கியது. தம் பெயரைக் குறிப்பிடாமல் இதை எழுதுவதற்கு அவர் இசைந்த பிறகே நாம் எழுதுகிறோம்.

சூலூரில் தொடங்கிய ஒரு கதை

மணிவண்ணன் என்ற பெயரைக் கேட்டதும் நம் வாசகர்களுக்கு நகைச்சுவை நடிகராக அவர் வந்த காட்சிகளே நினைவுக்கு வரும். 'அமைதிப்படை' (1994) போன்ற படங்களை இயக்கியவர் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். 1954ஆம் ஆண்டு சூலூரில் பிறந்து, 2013ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் மறைந்த அவர், திரையுலகில் முதலில் கால் வைத்தது ஓர் எழுத்தாளராகத்தான். 'கிழக்கே போகும் ரயில்' (1978) படத்தைப் பார்த்து உள்ளம் பறிகொடுத்து, அதன் இயக்குநர் பாரதிராஜாவுக்கு நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கடிதம் ஒன்றை எழுதினார் என்றும், அக்கடிதமே அவரைப் பாரதிராஜாவிடம் கொண்டு சேர்த்தது என்றும் சொல்லுவார்கள். அவருடைய கதையையும் உரையாடலையும் கொண்டு பாரதிராஜா எடுத்த படமே 'நிழல்கள்'.

1980ஆம் ஆண்டு தீபாவளியன்று அப்படம் வெளிவந்தது. அப்போது நாம் தொடக்கப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தோம். குருமடத்தில் சேர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே படத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. பட்டம் பெற்றும் வேலையற்று நிற்கும் கோபி, இசையமைப்பாளராகும் கனவோடு அலையும் ஹரி ஆகியோரைச் சுற்றிச் சென்னை நகரில் நடக்கும் கதை அது. கிராமத்துப் பச்சை வயல்களைக் காட்டிப் புகழ் பெற்றிருந்த பாரதிராஜா, நகரத்தின் வாடகை அறைக்குள் படக்கருவியைக் கொண்டு சென்றார். கதை துன்பத்திலேயே முடிகிறது. கடைசிக் காட்சியில் யாரும் ஓடி வந்து காப்பாற்றுவதில்லை.

படம் தோற்றது. ஆனால், அதில் கோபியாக நடித்த இளைஞருக்கு 'நிழல்கள்' என்பதே பெயரின் முன்னொட்டாக நிலைத்துவிட்டது. கவிஞர் வைரமுத்துவின் முதல் திரைப்பாடல் ஒலித்ததும் இளையராஜாவின் இசையில் இப்படத்தில்தான். இன்றும் அப்பாடல்களை முணுமுணுக்காதவர் குறைவு. பாடல்கள் நிலைத்தன, அவை யாருக்காக எழுந்தனவோ அந்த இளைஞர்களை நாம் மறந்துவிட்டோம். மறந்துவிட்டோம் என்பதைவிட, அவர்கள் நம் வீட்டு மாடியிலேயே இருப்பதைக் காணாதிருக்கிறோம் என்பதே பொருத்தம்.

கோவையிலிருந்து சென்னைக்கு

சினிமா என்றாலே நமக்குச் சென்னை நினைவுக்கு வருகிறது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. கோவையைச் சேர்ந்த கிறிஸ்தவரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் பணியாற்றியபோது, 1905ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவர் காட்டிய சலனப் படங்களுள் இயேசு பெருமானின் வாழ்க்கைப் படமும் ஒன்று. 1914ஆம் ஆண்டு அவர் கோவையில் எழுப்பிய வெரைட்டி ஹால்தான் பின்னாளில் டிலைட் திரையரங்கு ஆயிற்று. சூலூரிலிருந்து கோவைக்குச் செல்லும் திருச்சிச் சாலையில், சிங்காநல்லூரில், சென்ட்ரல் ஸ்டுடியோ இயங்கிற்று. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அங்கே உருவானதுதான்.

அந்தப் படப்பிடிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு, கலை நாட்டமுள்ள நம் பகுதி இளைஞர் அனைவரும் ரயில் ஏற வேண்டியதாயிற்று. சூலூரை அடுத்த காசிக்கவுண்டன்புதூரில் 1941இல் பிறந்த சிவகுமார், ஓவியம் பயிலச் சென்னைக்குச் சென்று, 1965இல் 'காக்கும் கரங்கள்' படத்தின் வழியே நடிகரானார். அடுத்த தலைமுறையில் மணிவண்ணன் சென்றார். வென்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. அதே ரயிலில் சென்று, பெயரில்லாமல் நின்றுவிட்டவர் எத்தனை பேர்! கலைக்காக என்றில்லை, வேலைக்காகச் சென்றவர்கள் எத்தனை பேர்! 'நிழல்கள்' என்ற தலைப்பை ஒரு சூலூர்க்காரர் எழுதிய கதை தாங்கி நிற்பதில் நமக்கு வியப்பில்லை. நிழலுக்கு உருவம் உண்டு, முகம் இல்லை. கூட்டத்தில் எத்தனை பேர் மிதித்துச் சென்றாலும் அதற்கு ஒலி இல்லை.

எல்லாப் படத்திலும் ஒரு பேட்டி

அந்த இளைஞரும் நாமும் பின்னர் சில வாரங்கள் மாலை வேளைகளில் அமர்ந்து, நகரத்து இளைஞரைப் பற்றிய வேறு சில படங்களையும் பார்த்தோம். ஒரு செய்தி நம் இருவர் கண்ணிலும் பட்டது. பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒரு பேட்டி இருக்கிறது.

சத்யஜித் ராய் 1970இல் எடுத்த 'பிரதித்வந்தி' என்ற வங்காளப் படத்தைப் பாருங்கள். தந்தை இறந்ததால் மருத்துவப் படிப்பைப் பாதியில் நிறுத்திய சித்தார்த்தன் வேலைக்கான பேட்டிக்குச் செல்கிறான். கடந்த பத்தாண்டுகளில் உலகில் நிகழ்ந்த மிக முக்கியமான நிகழ்ச்சி எது என்று கேட்கிறார்கள். மனிதன் நிலவில் இறங்கியதைச் சொல்லுவான் என்று எதிர்பார்க்கிறார்கள். அவனோ வியத்நாம் போர் என்கிறான். நிலவுப் பயணம் எதிர்பார்த்த ஒன்று; ஓர் ஏழை நாட்டின் சாதாரண மக்கள் காட்டிய துணிவோ யாரும் எதிர்பாராதது என்பது அவன் விளக்கம். அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நீ பொதுவுடைமைக் கட்சிக்காரனா என்பதே அடுத்த கேள்வி. வேலை கிடைக்கவில்லை.

படத்தின் பிற்பகுதியில் இன்னொரு பேட்டி. கடும் வெப்பத்தில் எண்ணற்ற இளைஞர்கள் நடைவழியில் மணிக்கணக்காக நிறுத்தப்படுகிறார்கள். உட்கார நாற்காலி இல்லை. சித்தார்த்தனின் கண்ணுக்கு அவர்கள் வரிசையாக நிற்கும் எலும்புக்கூடுகளாகத் தெரிகிறார்கள். உள்ளே பாய்ந்து அவன் மேசையைப் புரட்டிவிடுகிறான். அவ்வளவு சினமும் வேலை இல்லை என்பதற்காக அல்ல. உட்கார ஒரு நாற்காலி இல்லை என்பதற்காக! இந்த இடத்தில் நம் இளைஞர் படத்தை நிறுத்திவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

அடுத்த ஆண்டே மிருணாள் சென் எடுத்த படத்தின் பெயரே 'இன்டர்வியூ' (1971). மேனாட்டுக் கோட்டும் சூட்டும் அணிந்து வந்தால் வேலை உறுதி என்று சொல்லப்பட்ட ஓர் இளைஞன், வேட்டி கட்டிச் செல்ல நேர்ந்ததால் வேலையை இழக்கிறான். அவனை யாரும் பார்க்கவில்லை. துணியை மட்டும் பார்த்தார்கள்.

தமிழுக்கு வருவோம். 'நிழல்கள்' வெளிவந்த அதே தீபாவளி நாளில்தான் கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படமும் வெளிவந்தது. தலைநகர் தில்லியில் வேலை தேடி அலையும் ரங்கன், பட்டினியை மறைத்து நண்பர்களோடு விருந்து உண்பதுபோல் நடிக்கும் காட்சியைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. இறுதியில் அவன் முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். இசைக் கலைஞரான அவனுடைய தந்தை தற்செயலாக அவன் முன் வந்து அமர்கிறார். தகப்பனும் மகனும் நேருக்கு நேர் நோக்குவதற்கு அத்தனை தூரம் நடக்க வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டாண்டு முன்னே சென்றால், சி. ருத்ரையா இயக்கிய 'அவள் அப்படித்தான்' (1978). கறுப்பு வெள்ளையில் அமைந்த இப்படம், தமிழில் வந்த கலைப்படங்களுள் தலையாயது என்று அறிந்தோர் போற்றுவர். ருத்ரையா இயக்கியவை இரண்டே படங்கள். 2014ஆம் ஆண்டு அவர் மறைந்தார். இதிலும் பேட்டி உண்டு. பெண்களின் நிலையைப் பற்றி ஆவணப் படம் எடுக்கும் அருண், பல பெண்களைக் கண்டு கேள்வி கேட்கிறான். அவனுக்கு உதவியாக வரும் மஞ்சு, விளம்பர நிறுவனத்தில் வேலை செய்பவள். தாயாலும் நம்பிய ஆடவராலும் காயப்பட்டவள். அதனால் முள்ளாகப் பேசுபவள். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் கேள்வி கேட்ட அருணுக்கு, பக்கத்தில் இருந்த ஒருத்தி சொல்ல வந்ததைக் கேட்க முடியவில்லை. வேறொரு பெண்ணை மணந்து வருகிறான். இறுதியில் மஞ்சு சாலையில் தனியே நிற்க, வண்டி போய்விடுகிறது. அவள் அப்படித்தான் என்று ஊர் சொல்லிவிட்டால் போதும். ஏன் அப்படி என்று கேட்கும் கடமை நமக்கு நீங்கிவிடுகிறது அல்லவா?

நாம் கேட்ட கேள்வி

இத்தனை படங்களையும் பார்த்த பிறகு நாம் அந்த இளைஞரிடம், "சென்னையில் உனக்கு என்னதான் நேர்ந்தது தம்பி?" என்று கேட்டோம். அப்போதுதான் அவர் சொன்னார். அவர் வேலை செய்த நிறுவனம் ஆள்குறைப்புச் செய்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டாரிடம் சொல்லவில்லை. நாள்தோறும் காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அறையிலிருந்து புறப்பட்டு, மாலைவரை எங்கெங்கோ அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அறையில் உடனிருந்தவர்களுக்கும் தெரியாது.

"அங்க என் பேரைச் சொல்லி ஒருத்தர் கூப்பிட்டுப் பல மாசம் ஆச்சு ஃபாதர். டோக்கன் நம்பர், ரோல் நம்பர், அப்ளிகேஷன் நம்பர்... அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. ஊருக்குப் போன் பண்ணினா அம்மா பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. ஆனா அடுத்த வார்த்தை, 'சம்பளம் ஏத்துனாங்களா'ங்கறதுதான்."

சற்று நேரம் கழித்து, தலையைக் குனிந்தபடி, "நீங்களும்தான் ஃபாதர். கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப, பொங்கலுக்கு வந்தப்ப, எப்பப் பாத்தாலும் 'வேலை எப்படிப் போகுது'ன்னுதான் கேட்டீங்க" என்றார்.

உண்மைதான். நாம் அக்கறையோடு கேட்டதாகவே எண்ணியிருந்தோம். கேட்டுவிட்டு அவருடைய விடைக்குக் காத்திராமல், வரிசையில் அடுத்து நின்றவருக்குக் கைகொடுக்கத் திரும்பியிருப்போம். கொல்கத்தாவின் பேட்டி அறையில் நாற்காலி போடாதவர்களைக் கண்டு சினந்த நாம், நம் கோவில் வாசலிலும் நாற்காலி போடவில்லை. இதை எழுத நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பல வீடுகளின் நிலை இதுவே என்பதால் எழுதுகிறோம்.

எண்ணிப் பாருங்கள். மகன் விடுமுறைக்கு வந்ததும் நாம் கேட்கும் கேள்விகள் யாவை? சம்பளம் எவ்வளவு? அடுத்த உயர்வு எப்போது? சித்தப்பா மகன் வெளிநாடு போய்விட்டானே, உனக்கு எப்போது? பெண் பார்க்கலாமா? மகளானால் கடைசிக் கேள்வியே முதல் கேள்வி ஆகிவிடும். ஒவ்வொன்றும் அன்பினால் எழுவதே. தறியை விற்றுப் படிக்க வைத்தவர்களுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால், எல்லாவற்றிற்கும் சரியான விடை ஒன்று இருக்கிறது. அந்த விடை கைவசம் இல்லாத பிள்ளை மாடிப்படி ஏறிவிடுகிறது. விடை இல்லாதவர்களை வெளியே அனுப்பும் இடத்திற்குப் பேட்டி அறை என்று பெயர். வீடு அப்படி இருக்கலாமா?

இத்தகைய படங்களை என்ன செய்வது?

பெற்றோர் சிலர் நம்மிடம், "இந்தச் சோகப் படங்களைப் பார்த்தால் பிள்ளைகள் மனம் இன்னும் உடைந்துவிடாதா?" என்று கேட்கின்றனர். நியாயமான அச்சம். இப்படங்கள் சிறுவர்களுக்கானவை அல்ல. 'அவள் அப்படித்தான்' போன்றவற்றில் வயது வந்தோர் மட்டுமே எண்ணிப் பார்க்கத்தக்க பொருள்கள் உண்டு. இவை தீர்வு கூறுவதும் இல்லை. நோய் என்ன என்று நாடி பார்த்துச் சொல்லும். மருந்தைக் குடும்பம்தான் தர வேண்டும். ஆகவே இரவில் தனியே பார்ப்பதைக் காட்டிலும், பகலில் கூடத்தில் அமர்ந்து சேர்ந்து பார்ப்பது நன்று என்பதே நம் கருத்து.

திருச்சபையும் இவ்வழியே நடந்து வந்திருக்கிறது. 1936ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படத்தைப் பற்றி எழுதிய திருமடலில் எச்சரிக்கையின் குரலே ஓங்கி ஒலித்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையோ, திரைப்படத்தையும் மனித அறிவு கண்ட வியத்தகு கருவிகளுள் ஒன்றாகக் கொண்டது. வீட்டிலும் பள்ளியிலும் அன்பு கிட்டாமல் ஓடிப்போகும் பாரிஸ் நகரத்துச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரான்சுவா த்ரூஃபோ எடுத்த 'நானூறு அடிகள்' படத்திற்கு, 1959ஆம் ஆண்டு கான் திரைவிழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு தன் பரிசை வழங்கியது. 1995இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த நாற்பத்தைந்து படங்களின் பட்டியலில், வேலைக்கு இன்றியமையாத மிதிவண்டியைப் பறிகொடுத்துத் தேடி அலையும் ஓர் ஏழைத் தந்தையைப் பற்றிய 'சைக்கிள் திருடர்கள்' (1948) என்ற இத்தாலியப் படமும் இடம்பெற்றது.

அந்தப் படத்தின் முடிவை நம் இளைஞருக்கு நாம் வேண்டுமென்றே காட்டினோம். மிதிவண்டி கிடைக்கவில்லை. வேறொருவருடையதைத் திருட முயன்று, ஊரார் முன் அவமானப்பட்டு, தந்தை கூட்டத்தில் கண்ணீரோடு நடக்கிறான். உடன் வரும் சின்னஞ்சிறு மகன், ஒன்றும் பேசாமல், தந்தையின் கையைப் பற்றிக்கொள்கிறான். கேள்வியும் இல்லை, அறிவுரையும் இல்லை. நிலைமை சிறிதும் மாறவில்லை. ஆனால் அவன் இப்போது தனியே நடக்கவில்லை. 'நிழல்கள்' படத்து இளைஞர்களுக்கு வாய்க்காதது அந்த ஒரு கை.

மாடியிலிருந்து கீழே

பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் வினவலாம். கதைபோல முடிக்க நமக்கு வழியில்லை. அந்த இளைஞருக்கு இன்னும் நிலையான வேலை கிடைக்கவில்லை. இப்போதைக்குத் தந்தையின் தறிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறார், பழுதான மோட்டாரைப் பார்க்கிறார், விண்ணப்பங்களும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஏழு மாத உண்மையை வீட்டில் சொன்ன அன்று தந்தை ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து தறிக்கூடத்திற்குப் போய்விட்டாராம். மகன் நடுங்கியிருக்கிறார். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்த தந்தை, "அந்த ஏழு மாசமும் மத்தியானம் என்னடா சாப்பிட்டே கண்ணு?" என்று கேட்டாராம்.

இதைச் சொல்லும்போது அந்த இளைஞரின் குரல் உடைந்தது. சரியான விடை ஏதும் தேவையில்லாத கேள்வி அது. அவர் கேட்க ஏங்கியிருந்த கேள்வியும் அதுதான்.

'பிரதித்வந்தி' படத்தின் முடிவில் சித்தார்த்தன் பெருநகரை விட்டுச் சிற்றூர் ஒன்றில் சிறு வேலைக்குச் செல்கிறான். சிறுவயதில் கேட்ட ஒரு பறவையின் குரலைத் தேடிக் கொல்கத்தாவின் பறவைச் சந்தையில்கூட அலைந்தவன் அவன்; பறவையின் பெயர் அவனுக்குத் தெரியாது. அந்தச் சிற்றூர் விடுதியின் சாளரத்தருகே நிற்கும்போது அக்குரல் கேட்கிறது. நம் பிள்ளைகளும் நகரத்து இரைச்சலில் ஒரு குரலைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது நம் குரலாக இருக்கலாம்.

இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது, முதல் நாள் முழுவதும் வேலையைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று நம் குடும்பங்கள் உறுதி கொள்ளட்டும். பெயர் சொல்லி அழையுங்கள். சோறு போட்டு, எதிரே அமருங்கள். அவர்கள் பேசாவிட்டாலும் எழுந்து போய்விடாதீர்கள். கோவில் வாசலில் நாமும் அவ்வாறே செய்வோம். பங்கு இல்லத்துத் திண்ணையில் இப்போது இரண்டு நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறோம். மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் வரலாம். பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.